கியூஎமு-வில் யூசர் மோட் நெட்வொர்க்: அமைப்பது முதல் பிழை தேடுவது வரை

கியூஎமு என்பது கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் நிரல். அதில் ஒரு மெய்நிகர் கணினியை எழுப்புகிறீர்கள். உள்ளே போய்ப் பார்த்தால் இணையம் தானாகவே ஓடுகிறது. மெய்நிகர் கணினியை உண்மையான பிணையத்தோடு இணைக்கும் பிரிட்ஜ் கட்டவில்லை, டேப் இடைமுகம் உருவாக்கவில்லை, ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லும் யாரும் கேட்கவில்லை. சரி என்று வெளியிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் முறை) வழியாக உள்ளே நுழையப் பார்த்தால் கதவே இல்லை. பிங் சில கணினிகளில் போகிறது, சிலவற்றில் போகவில்லை. இன்னொரு மெய்நிகர் கணினியைத் திறந்தால் அதற்கும் அதே ஐபி முகவரி. ஆனாலும் மோதல் எதுவும் வரவில்லை. தனித்தனிப் புதிர்களாகத் தெரியும் இவை எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: யூசர் மோட் நெட்வொர்க் வேலை செய்யும் விதம். அதைப் பிடித்துக்கொண்டால் அமைப்புகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கட்டளைகளைப் பற்றி முதலில் ஒரு சொல். இங்கே எல்லாவற்றையும் ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அதே சொற்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, காற்புள்ளி, முக்காற்புள்ளி, எண் எல்லாம் இங்கே உள்ளபடியே. இடைவெளி இல்லாத இடத்தில் இடைவெளி விடாதீர்கள். காற்புள்ளிக்குப் பின் தப்பித்தவறி விழும் ஓர் இடைவெளி போதும், முழு வரியும் பிழையாகிவிடும்.

உள்ளே உண்மையில் நடப்பது

யூசர் மோட் நெட்வொர்க்கின் இதயம் ஸ்லர்ப் என்ற பழைய நிரல். 1990-களில் டயல்-அப் இணைப்பு வைத்திருந்த பலருக்கு வெறும் ஷெல் கணக்கு மட்டுமே கிடைத்தது. முழு இணைய இணைப்பு கிடைக்கவில்லை. அந்த ஷெல் கணக்கில் சாதாரணப் பயனராக ஓடிக்கொண்டே, வீட்டுக் கணினியின் பாக்கெட்டுகளை வாங்கி, தன் பெயரில் இணையத்தோடு பேசிக்கொடுத்தது ஸ்லர்ப். கியூஎமு செய்வதும் அப்படியே அதுதான். ஷெல் கணக்கின் இடத்தில் ஹோஸ்ட், அதாவது கியூஎமு ஓடும் உங்கள் உண்மையான கணினி. வீட்டுக் கணினியின் இடத்தில் கெஸ்ட், அதாவது உள்ளே ஓடும் மெய்நிகர் கணினி.

கெஸ்ட் ஒரு வலைத்தளத்துக்கு டிசிபி இணைப்பு கேட்டு ஒரு பாக்கெட் அனுப்புகிறது என்று வையுங்கள். அந்தப் பாக்கெட் ஹோஸ்டின் பிணைய அட்டைக்குப் போவதே இல்லை. கியூஎமு அதைப் பிரித்துப் படிக்கிறது. 'இன்ன முகவரிக்கு இணைப்பு வேண்டுமாம்' என்று புரிந்துகொள்கிறது. பிரவுசர் செய்வது போலவே ஹோஸ்டில் ஒரு சாதாரண சாக்கெட்டை (பிணையத்தோடு பேச நிரல் திறக்கும் முனையை) திறக்கிறது. வரும் தரவை மறுபடி பாக்கெட்டாகக் கட்டி கெஸ்டிடம் நீட்டுகிறது. ஹோஸ்டின் கெர்னலைப் பொறுத்தவரை கெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. கியூஎமு என்ற ஒரு நிரல் சில இணைப்புகளைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரூட் அனுமதி ஏன் தேவையில்லை என்பது இப்போது விளங்கும்: எந்தப் பயனரும் சாக்கெட் திறக்கலாம். வெளியிலிருந்து ஏன் நுழைய முடியவில்லை? கெஸ்டின் முகவரி வெளியில் எவருக்கும் தெரியாது. இரண்டு கெஸ்டுகளுக்கு ஒரே முகவரி இருந்தும் ஏன் மோதவில்லை? ஒவ்வொன்றும் தன் கியூஎமு-வுக்குள் அடைபட்ட தனித்தனி உலகம்.

அந்த உலகத்தின் வரைபடம் சிறியது. இயல்பான பிணையம் 10.0.2.0/24. கேட்வேயும் (வெளியே போகும் வாசல்) ஹோஸ்டும் 10.0.2.2. பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் 10.0.2.3. கோப்புப் பகிர்வைக் கேட்டு இயக்கினால் அது 10.0.2.4. முகவரிகளைத் தானாகவே ஒதுக்கித்தரும், உள்ளே இருக்கும் டிஎச்சிபி சேவையகம் கெஸ்டுக்கு முதலில் தரும் முகவரி 10.0.2.15. வர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறையிலும் ஆண்ட்ராய்டு எமுலேட்டரிலும் இதே எண்களைப் பார்த்திருப்பீர்கள். எனவே இங்கே பழகுவது அங்கேயும் கைகொடுக்கும்.

முதல் அடி: உங்கள் கியூஎமு-வில் இது இருக்கிறதா?

2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்புக்கு முன்பு வரை ஸ்லர்ப்பின் மூலநிரல் கியூஎமு-வோடு சேர்ந்தே வந்தது. அந்தப் பதிப்பிலிருந்து லிப்ஸ்லர்ப் என்ற தனி நூலகம் கணினியில் இருந்தால்தான் யூசர் மோட் சேர்க்கப்படும். தொகுப்பு மேலாளர் வழியே நிறுவியவர்களுக்குப் பெரும்பாலும் கவலையில்லை. மூலநிரலிலிருந்து தாங்களே கட்டுபவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்: கட்டுமானம் சத்தமில்லாமல் முடிந்துவிடும், ஓட்டும்போதுதான் 'யூசர்' என்ற பின்தளம் இல்லை என்று பிழை வரும். சோதிக்க, கியூஎமு-வை

-நெட்டெவ் ஹெல்ப்

என்ற தெரிவோடு ஓட்டுங்கள். பட்டியலில் 'யூசர்' இருந்தால் சரி. இல்லையென்றால் லிப்ஸ்லர்ப்பின் மேம்பாட்டுத் தொகுப்பை நிறுவி, கட்டமைப்புக் கட்டளைக்கு --இனேபிள்-ஸ்லர்ப் கொடுத்து மறுபடி கட்டுங்கள். அப்படிக் கேட்டு வாங்கினால், நூலகம் இல்லாதபோது கட்டுமானம் அங்கேயே நின்று சொல்லிவிடும். எனக்கு அதுதான் பிடித்த வழி. பிழை சீக்கிரம் வருவது நல்லது.

இரண்டாம் அடி: அடிப்படை வரி

பிணையத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று ஹோஸ்ட் பக்கத்துப் பின்தளம். மற்றது கெஸ்ட் கண்ணுக்குத் தெரியும் பிணைய அட்டை. இரண்டையும் ஒரு பெயர் இணைக்கிறது:

-நெட்டெவ் யூசர்,ஐடி=என்0 -டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=என்0

'என்0' நான் வைத்த பெயர். நீங்கள் எதையும் வைக்கலாம், ஆனால் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் பாதியை மட்டும் எழுதி இரண்டாவதை விட்டுவிட்டால், இந்த நெட்டெவுக்கு இணை இல்லை என்று எச்சரிக்கை வரும். கெஸ்டுக்குள் அட்டையே தெரியாது.

அட்டையைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. லினக்ஸ் கெஸ்ட் என்றால் மெய்நிகர் கணினிகளுக்கென்றே உருவான விர்ட்டியோ. விண்டோஸ் கெஸ்டில் விர்ட்டியோ இயக்கியைத் தனியாக நிறுவ வேண்டும். அதுவரை இ1000 அட்டையை வைத்துக்கொள்ளலாம். மிகப் பழைய இயங்குதளங்களுக்கு ஆர்டிஎல்8139 உதவும்.

2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சொல்லும் சுருக்கம் உண்டு:

-நிக் யூசர்,மாடல்=விர்ட்டியோ-நெட்-பிசிஐ

அன்றாடத் தேவைக்கு இதுவே போதும். பழைய குறிப்புகளில் கிடைக்கும் '-நெட் நிக் -நெட் யூசர்' என்ற எழுத்துமுறையை மட்டும் புதிதாகத் தொடங்கும் எதிலும் பயன்படுத்தாதீர்கள். அது எல்லாவற்றையும் உள்ளே ஒரு ஹப்பில் செருகிவிடும். இரண்டு அட்டைகள் வந்ததும், எது எதனோடு பேசுகிறது என்று குழம்பிப்போவீர்கள்.

கெஸ்டில் டிஎச்சிபி ஓடினால் இங்கே வேறு வேலை இல்லை. பிணையமே இல்லாத கெஸ்ட் வேண்டும் என்றால் '-நிக் நன்' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டால் கியூஎமு தானாகவே ஒரு யூசர் மோட் அட்டையைச் செருகிவிடும்.

மூன்றாம் அடி: வெளியிலிருந்து உள்ளே கதவு திறப்பது

பலர் இந்த வழிகாட்டிக்குள் வந்திருப்பதே இதற்காகத்தான். தெரிவின் பெயர் 'ஹோஸ்ட்' என்ற சொல்லோடு எஃப், டபிள்யூ, டி என்ற மூன்று எழுத்துகளை ஒட்டியது:

-நிக் யூசர்,மாடல்=விர்ட்டியோ-நெட்-பிசிஐ,ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி=டிசிபி:127.0.0.1:2222-:22

இடமிருந்து வலமாக வாசியுங்கள்: டிசிபி நெறிமுறையில், ஹோஸ்டின் 127.0.0.1 முகவரியில் (கணினி தன்னையே குறிக்கும் லூப்பேக் முகவரி), 2222 போர்ட்டில் (சேவையின் கதவு எண்) வருவதை, கெஸ்டின் 22-க்குக் கொடு. நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் ஹோஸ்ட், வலப்பக்கம் கெஸ்ட். கெஸ்ட் பக்கத்தில் முகவரி எழுதாவிட்டால் டிஎச்சிபி தரும் முதல் முகவரி, அதாவது 10.0.2.15, எடுத்துக்கொள்ளப்படும். கெஸ்டில் நிலையான வேறு முகவரி வைத்திருந்தால் அதை இங்கே எழுதியாக வேண்டும். நுழைவது இப்படி:

எஸ்எஸ்எச் -பி 2222 பயனர்@127.0.0.1

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான உதாரணங்கள் 127.0.0.1-ஐ விட்டுவிட்டு 'டிசிபி::2222-:22' என்று எழுதுகின்றன. வேலை செய்யும். ஆனால் அந்த இடம் காலியாக இருந்தால் கியூஎமு ஹோஸ்டின் எல்லா முகவரிகளிலும் காதுகொடுக்கும். நீங்கள் இருக்கும் வயர்லெஸ் பிணையத்தில் உள்ள எவரும் உங்கள் கெஸ்டின் கதவைத் தட்டலாம். சோதனைக்காக எளிய கடவுச்சொல் வைத்த கெஸ்டுகள்தான் பெரும்பாலும் இப்படி வெளியே நிற்கின்றன. பிறர் அணுக வேண்டும் என்று நீங்களே முடிவெடுத்தாலொழிய 127.0.0.1-ஐ எழுதும் பழக்கத்தை விடாதீர்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட கதவுகள் வேண்டுமானால் ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி தெரிவைக் காற்புள்ளியிட்டுத் திரும்பத் திரும்ப எழுதலாம். யுடிபி-க்கு 'டிசிபி' என்ற இடத்தில் 'யுடிபி'. லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளைச் சாதாரணப் பயனர் திறக்க முடியாது என்பதால், ஹோஸ்ட் பக்கத்தில் 80-க்குப் பதில் 8080 என்று பெரிய எண்ணாக வையுங்கள். கெஸ்ட் பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

மூன்று இடங்களில் மக்கள் மணிக்கணக்கில் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன்.

கெஸ்டுக்குள் ஓடும் சேவை 127.0.0.1-இல் மட்டும் காதுகொடுத்தால் இந்தக் கதவு பயன்படாது. வெளியிலிருந்து வரும் இணைப்பு கெஸ்டின் 10.0.2.15 முகவரிக்குத்தான் வந்து சேர்கிறது. கெஸ்டின் லூப்பேக்குக்கு அல்ல. வலை மேம்பாட்டுச் சேவையகங்கள் பலவும் இயல்பாக லூப்பேக்கில்தான் தொடங்கும். அவற்றை 0.0.0.0-இல் தொடங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. ஹோஸ்டில் 2222 போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதித்தால், கெஸ்ட் இன்னும் பூட் ஆகாதபோதுகூட 'திறந்திருக்கிறது' என்றே விடை வரும். இணைப்பை முதலில் ஏற்றுக்கொள்வது கியூஎமு. அதன் பிறகுதான் அது கெஸ்டைக் கேட்கிறது. கெஸ்ட் மறுத்தால் இணைப்பு அறுபடும், பதிலே சொல்லாவிட்டால் தொங்கும். தானியங்கிச் சோதனைகளில் 'போர்ட் திறக்கும் வரை காத்திரு' என்று எழுதிய ஸ்கிரிப்டுகள் இதனால்தான் ஒரு நாள் ஓடி மறுநாள் உடைகின்றன. போர்ட்டைப் பார்க்காதீர்கள். எஸ்எஸ்எச் வழியாக ஒரு சிறு கட்டளை உண்மையில் ஓடி முடியும் வரை திரும்பத் திரும்ப முயலச் சொல்லுங்கள்.

மூன்றாவது: 127.0.0.1 வழியாக நுழையும் எல்லா இணைப்புகளும் கெஸ்டின் பதிவேடுகளில் 10.0.2.2-இலிருந்து வந்ததாகவே தெரியும். தவறான கடவுச்சொல் போட்ட முகவரியைத் தடைசெய்யும் மென்பொருள் கெஸ்டில் இருந்தால், அது 10.0.2.2-ஐத் தடுத்துவிடும். அத்தோடு ஹோஸ்டிலிருந்து எவரும் நுழைய முடியாது.

இதோடு ஒரு சிறு தொல்லையும் சேரும். பல கெஸ்டுகளுக்கு மாற்றி மாற்றி 2222-ஐயே பயன்படுத்தினால், ஹோஸ்ட் சாவி மாறிவிட்டதாக எஸ்எஸ்எச் கத்தும். கெஸ்டுக்கு ஒரு எண் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுவது

கதவு ஒன்றை மறந்துவிட்டதற்காகக் கெஸ்டை அணைக்க வேண்டியதில்லை. கியூஎமு-வுக்கே கட்டளை கொடுக்கும் இடமான கியூஎமு மானிட்டருக்குப் போங்கள்: வரைகலைச் சாளரத்தில் கன்ட்ரோல், ஆல்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தவும், '-நோகிராஃபிக்' முறையில் கன்ட்ரோல்-ஏ அழுத்தி விட்டு சி. அங்கே

ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி_ஆட் டிசிபி:127.0.0.1:8080-:80

என்று தட்டினால் கதவு உடனே திறக்கும். மூடுவதற்கு:

ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி_ரிமூவ் டிசிபி:127.0.0.1:8080

'இன்ஃபோ யூசர்நெட்' என்ற கட்டளை அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் எல்லா இணைப்புகளையும் அட்டவணையாகக் காட்டும். எந்தச் சிக்கலுக்கும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். கதவு திறந்திருக்கிறதா, கெஸ்ட் வெளியே இணைப்புக் கேட்டிருக்கிறதா, எந்த நிலையில் நிற்கிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

நான்காம் அடி: உள்ளிருந்து ஹோஸ்டுக்கு, அதை எப்போது அடைப்பது

கெஸ்டிலிருந்து 10.0.2.2-க்குப் போனால் ஹோஸ்டை அடைவீர்கள். இது மிகவும் வசதி: ஹோஸ்டில் 5432 போர்ட்டில் ஓடும் தரவுத்தளத்தைக் கெஸ்டிலிருந்து 10.0.2.2:5432 என்று எட்டலாம்.

அந்த வசதிக்குள் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 10.0.2.2-க்குப் போகும் இணைப்பு ஹோஸ்டின் 127.0.0.1-இல் போய் முடிகிறது. 'லூப்பேக்கில் மட்டும்தானே வைத்திருக்கிறேன், வெளியார் யாரும் தொட முடியாது' என்று கடவுச்சொல் இல்லாமல் ஹோஸ்டில் ஓடவிட்ட சேவைகள் எல்லாம் கெஸ்டுக்குத் திறந்தே கிடக்கின்றன. நம்பகமற்ற மென்பொருளைச் சோதிப்பதற்கென்றே மெய்நிகர் கணினி வைத்திருப்பவர்கள் இதை அறியாமல் இருக்கக் கூடாது. ஃபயர்வால் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். ஃபயர்வாலின் கண்ணுக்கு அது ஹோஸ்டின் ஒரு நிரல் தன் சொந்தக் கணினியோடு பேசுவது. பெரும்பாலான விதிகள் அதை அனுமதித்துவிடும்.

அடைக்க ஒரு தெரிவு உண்டு:

-நிக் யூசர்,ரெஸ்ட்ரிக்ட்=ஆன்,ஹோஸ்ட்எஃப்டபிள்யூடி=டிசிபி:127.0.0.1:2222-:22

இப்போது கெஸ்ட் ஹோஸ்டையும் தொட முடியாது, இணையத்தையும் தொட முடியாது. ஆனால் நீங்கள் வெளிப்படையாகத் திறந்த கதவு மட்டும் வேலை செய்யும். டிஎச்சிபி முகவரி கிடைக்கும். கேட்வேயும் டிஎன்எஸ்ஸும் கிடைக்காது. சந்தேகத்துக்குரிய கோப்புகளை ஆராயும் கெஸ்டுக்கு இது எனக்குத் தெரிந்து மிக எளிய வேலி.

அடைத்த கெஸ்டுக்கு ஒரே ஒரு வெளிச்சேவை மட்டும் வேண்டுமென்றால் 'கெஸ்ட்எஃப்டபிள்யூடி' இருக்கிறது. கெஸ்ட்எஃப்டபிள்யூடி=டிசிபி:10.0.2.100:3128-டிசிபி:127.0.0.1:3128 என்று எழுதினால், கெஸ்ட் 10.0.2.100-இன் 3128 போர்ட்டைத் தொடும்போது ஹோஸ்டில் ஓடும் பிராக்ஸியோடு (இடையில் நின்று இணைப்பைக் கடத்தும் சேவையோடு) பேசும். இந்த வடிவம் ஒரே ஓர் இணைப்புக்குத்தான் சரியாக இருக்கும். ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஒரு நிரலை ஓட்ட வேண்டுமானால், நடுக்கோட்டுக்குப் பிறகு 'சிஎம்டி:' என்று தொடங்கி அந்தக் கட்டளையை எழுதுங்கள். நெட்கேட் கட்டளையை வைப்பது வழக்கம்.

ஐந்தாம் அடி: முகவரிகளை மாற்றுவது

பெரும்பாலோருக்கு இது தேவைப்படாது. உங்கள் உண்மையான பிணையமோ விபிஎன்னோ ஏற்கெனவே 10.0.2.0/24-ஐப் பயன்படுத்தினால் மட்டும் தேவை. அப்போது கெஸ்ட் அந்தப் பிணையத்துக் கணினிகளைத் தன் பக்கத்து வீடு என்று நினைத்து உள்ளேயே தேடும், வெளியே போகாது. தீர்வு:

-நிக் யூசர்,நெட்=192.168.77.0/24

ஹோஸ்ட் 192.168.77.2 ஆகவும், டிஎன்எஸ் 192.168.77.3 ஆகவும், முதல் டிஎச்சிபி முகவரி 192.168.77.15 ஆகவும் தாமாகவே மாறிவிடும். இவற்றையும் மாற்ற 'ஹோஸ்ட்=', 'டிஎன்எஸ்=', 'டிஎச்சிபிஸ்டார்ட்=' என்ற தெரிவுகள் உள்ளன.

இங்கே 'டிஎன்எஸ்=' பலரை ஏமாற்றுகிறது. அது நீங்கள் விரும்பும் வெளி டிஎன்எஸ் சேவையகத்தைக் குறிக்கும் இடம் அல்ல. உள்பிணையத்தில் அந்தச் சேவை எந்த முகவரியில் தெரிய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. அங்கே வரும் கேள்விகள் எப்போதும் ஹோஸ்டின் டிஎன்எஸ்ஸுக்கே போகும். வேறொன்று வேண்டுமானால் கெஸ்டுக்குள்தான் மாற்ற வேண்டும்.

கோப்புகளும் பிணைய பூட்டும்

கியூஎமு-வுக்குள் பிணையம் வழியே கோப்பு தரும் ஒரு சிறு டிஎஃப்டிபி சேவையகம் இருக்கிறது. 'டிஎஃப்டிபி=' என்று ஒரு கோப்புறையையும் 'பூட்ஃபைல்=' என்று பூட் கோப்பின் பெயரையும் கொடுத்தால், பிணைய பூட்டைச் சோதிக்கத் தனிச் சேவையகம் எதுவும் அமைக்க வேண்டாம். நிறுவல் முறைகளை எழுதுபவர்களுக்கு இது பெரிய வரம். 'எஸ்எம்பி=' என்று ஒரு கோப்புறையைக் கொடுத்தால் விண்டோஸ் கெஸ்ட் அதை 10.0.2.4-இல் 'கியூஎமு' என்ற பகிர்வாகப் பார்க்கும். ஆனால் விண்டோஸ் பாணியில் கோப்பு பகிரும் சாம்பா சேவையகம் ஹோஸ்டில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டுக்கு எஸ்எஸ்எச் கதவு வழியே கோப்பு நகலெடுப்பதே எளிது.

இரண்டு கெஸ்டுகள் ஒன்றோடொன்று பேச

யூசர் மோடில் இது நேரடியாக முடியாது. இரண்டும் தனித்தனி உலகங்கள். இணையத்துக்கு யூசர் மோட் அட்டையை அப்படியே விட்டுவிட்டு, இருவருக்கும் இடையே இரண்டாவது அட்டை ஒன்றைப் போடுங்கள். முதல் கெஸ்டில்:

-நெட்டெவ் சாக்கெட்,ஐடி=என்1,லிசன்=127.0.0.1:5555 -டிவைஸ் விர்ட்டியோ-நெட்-பிசிஐ,நெட்டெவ்=என்1,மேக்=52:54:00:12:34:01

இரண்டாவதில் 'லிசன்' என்ற இடத்தில் 'கனெக்ட்'. மேக் முகவரியின் (அட்டையின் அடையாள எண்) கடைசி எண் 02. மேக்கை மாற்றுவதை விட்டுவிடாதீர்கள். கியூஎமு எல்லா மெய்நிகர் கணினிகளுக்கும் 52:54:00:12:34:56-இலிருந்தே எண்ணத் தொடங்கும். யூசர் மோடில் அது உறுத்தாது. ஒரே கம்பியில் இரண்டு பேருக்கு ஒரே மேக் வந்தால் எதுவுமே ஓடாது. இந்தக் கம்பியில் டிஎச்சிபி கிடையாது என்பதால் 192.168.50.1, 192.168.50.2 என்று கையால் முகவரி கொடுங்கள். முதல் கெஸ்டை முதலில் எழுப்புங்கள்.

வேலை செய்யாதபோது

பிங்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். 10.0.2.2-க்குப் போகும் பிங்குக்குப் பதில் சொல்வது கியூஎமு-தான். ஹோஸ்டின் சேவை உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. வெளிமுகவரிக்குப் பிங் போக, சாதாரணப் பயனருக்குப் பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி சாக்கெட் திறக்க ஹோஸ்ட் அனுமதித்திருக்க வேண்டும். லினக்ஸில் அதைத் தீர்மானிப்பது நெட்.ஐபிவி4.பிங்_குரூப்_ரேஞ்ச் என்ற கெர்னல் அமைப்பு. உங்கள் குழு எண் அந்த வீச்சுக்குள் இல்லையென்றால் பிங் போகாது, ஆனால் வலைப்பக்கம் திறக்கும். ஒரு மாலை முழுவதும் உடையாத பிணையத்தை நான் சரிசெய்துகொண்டிருந்தது பிங்கை நம்பியதால்தான். ஒரு வலைப்பக்கத்தைத் தரவிறக்கிப் பாருங்கள், அதுதான் சோதனை.

கதவு விதியை அமைக்க முடியவில்லை என்று தொடக்கத்திலேயே பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: அந்தப் போர்ட்டை வேறு நிரல் பிடித்திருக்கிறது (பழைய கியூஎமு ஒன்று பின்னணியில் சாகாமல் ஓடுவது அடிக்கடி நடக்கும்), எண் 1024-க்குக் கீழ், அல்லது நடுக்கோடு இடம் மாறியிருக்கிறது.

முகவரியால் போகிறது, பெயரால் போகவில்லை என்றால் முதலில் ஹோஸ்டின் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள். ஹோஸ்டில் விபிஎன் ஏறி இறங்கிய பின் இது வரும்.

எதிலும் பிடி கிடைக்காவிட்டால் கம்பியில் ஓடுவதையே பதிவுசெய்யலாம்:

-ஆப்ஜெக்ட் ஃபில்டர்-டம்ப்,ஐடி=எஃப்0,நெட்டெவ்=என்0,ஃபைல்=பதிவு.பிகேப்

இதற்கு நெட்டெவ் பெயர் தேவை; ஆகவே சுருக்க வடிவை விட்டு இரண்டு பாதி வடிவில் எழுதுங்கள், அல்லது '-நிக்' தெரிவிலேயே 'ஐடி=என்0' சேருங்கள். கோப்பை வயர்ஷார்க்கில் திறந்தால் கெஸ்ட் என்ன கேட்டது, கியூஎமு என்ன சொன்னது என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பார்க்கலாம்.

யூசர் மோடை எப்போது விட்டுவிடுவது

ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து, சாக்கெட்டாக மாற்றி, மறுபடி கட்டுவதால் வேகம் குறையும். தொகுப்புகளை நிறுவ, நிரல் எழுத, தானியங்கிச் சோதனைகள் ஓட்ட அது ஒரு பொருட்டே அல்ல. பெரிய கோப்புகளை நாளெல்லாம் நகர்த்துவது, பிணையத்தின் வேகத்தையே அளப்பது, வெளியுலகம் கெஸ்டை அதன் சொந்த முகவரியில் அடைய வேண்டியது ஆகியவை வந்தால் டேப்பும் பிரிட்ஜும் அமையுங்கள். அதற்கு ரூட் அனுமதி வேண்டும். ரூட் கிடையாது, ஆனால் வேகம் வேண்டும் என்றால் 'பாஸ்ட்' என்ற நிரலைப் பாருங்கள். அதுவும் சாதாரணப் பயனராகவே ஓடும். கியூஎமு-வுக்கு வெளியே தனிச் செயலியாக நின்று ஒரு யூனிக்ஸ் சாக்கெட் வழியே பேசும். 7.2 பதிப்பு முதல் '-நெட்டெவ் ஸ்ட்ரீம்' என்ற தெரிவால் அதை இணைக்கலாம்.